வெந்த கல்

திருத்தணி ரயில் நிலையத்தில் சென்னை வண்டிக்குக் காத்திருக்கிறேன். கல்லூரியில் நிலவியல் நடத்துகிறேன் என்றதும் பக்கத்திலிருக்கும் பெண் பையிலிருந்து ஒரு சிவந்த கல்லை எடுத்து நீட்டுகிறார். ஜார்க்கண்ட் சுரங்கத்தில் வேலை பார்க்கும் அக்கா புருஷன், லீவில் வந்தபோது கொண்டுவந்ததாம்.

"செங்கல்லுங்களா சார்?"

தட்டினால் பீங்கான் போல ஒலிக்கிறது. சேறு படிந்த வரிகள் இன்னும் தெரிகின்றன.

"இல்லம்மா, களிமண் பாறை. அடியில நிலக்கரி தானா பத்தி எரிஞ்சதுல வெந்து இப்படி ஆயிருக்கு. எங்க எடுத்தாரு?"

"அங்க அவங்க ஊட்டுக்குப் பின்னால. தரை சுடுதுன்னு அக்கா சொல்லிகினே இருக்கு. ஒண்ணும் ஆவாதுன்றாரு பாவா, அதான் அக்கா ஊட்டுக்காரரு."

"கரி எரிஞ்சு தீர்ந்தா அடியில வெற்றிடம்தான். மேல இருக்கறது உள்ள இறங்கிடும்."

"அங்கதான் சார் போய்கினு இருக்கேன். அவரு வராட்டியும் அக்காவையும் பசங்களையும் கூட்டிகினுதான் வருவேன். இத எழுதிக் குடுங்க."

எழுதுகிறேன்.

"கையெழுத்தும் போடுங்க சார். அப்பத்தான் நம்புவாரு."