அளந்து ஊற்றிய சால்னா

என் தங்கை துறைமுக வாசல் பக்கம் வேனில் புரோட்டா விற்கிறாள். மாவு பிசைந்து பிசைந்து வலது தோள் போய்விட்டது. இனியும் பிசைந்தால் கையைத் தூக்க முடியாது, கடையை மூடிவிடு என்றார் டாக்டர். அண்ணன்காரன் நான் நாலு புத்தகம் படித்தவன் அல்லவா? மாவு பிசையும் எந்திரமும் சால்னா ஊற்றும் ரோபோ கையும் சேர்ந்த ஜோடி ஒன்றைக் கண்டுபிடித்து, விற்க வந்தவனைவிட அதிகமாகப் பேசி அவள் தலையில் கட்டினேன்.

பிசையும் எந்திரம் தங்கம். அந்தக் கைதான் சனியன். பொத்தானை அமுக்கினால் தட்டுக்கு ஒரு கரண்டி, அதற்குமேல் ஒரு சொட்டு கிடையாது. எங்கள் ஊரில் புரோட்டாவுக்குத்தான் காசு, சால்னா கேட்கக் கேட்க வரும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை, அதனால் படித்தவனுக்கு மறந்துபோயிற்று.

முதல் நாளே ஒரு லாரி டிரைவர் இரண்டாம் முறை தட்டை நீட்டினார். எந்திரக் கை அசையவில்லை.

"ஏளா, இது சால்னாவா, கோயில் தீர்த்தமா?"

"மிஷின் அளந்துதான் ஊத்தும் அண்ணாச்சி."

"அப்போ புரோட்டாவையும் அதுவே திங்கட்டும்."

பக்கத்துப் புரோட்டா வண்டிக்குப் போய்விட்டார். அவர் பின்னால் நாலு பேர். ஒரு வாரத்தில் பிசைந்த மாவில் பாதி மிஞ்சியது.

விற்றவனுக்குப் போன் போட்டேன். கையை மட்டும் கழற்றிவிடலாமா?

"முடியாது சார். கை ஓடலன்னா பிசையுற மிஷினும் லாக் ஆயிடும். அப்படித்தான் டிசைன்."

ஊருக்கே கஞ்சத்தனம் கற்றுத்தர இவன் யார்? திட்டினேன். வாழ்நாளில் அவ்வளவு சரளமாக நான் தமிழ் பேசியதில்லை. "உங்க ஃபீட்பேக்கை நோட் பண்ணிக்கிட்டேன் சார்" என்றான்.

"கத்துனது போதும்ணே, அந்த வாளிய எடு" என்றாள் தங்கை.

வாளியில் பாதிக்குச் சால்னாவை நிரப்பி எந்திரக் கைக்கு அடியில் வைத்தாள். தட்டுக்கு ஒரு தடவை பொத்தானை அமுக்குவாள். கை கருமமே கண்ணாக வாளியில் ஊற்றும். அவள் இடது கையால் வாளியிலிருந்து மொண்டு புரோட்டா மிதக்க மிதக்க ஊற்றுவாள். டிரைவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

போன வாரம் விற்றவன் விளம்பரத்துக்குப் படம் எடுக்க வந்தான். "அக்கா, மிஷின் பக்கத்துல சிரிச்சிட்டு நில்லுங்க. அந்த வாளியை மட்டும் நகர்த்திடலாமா?"

நான் எழுந்தேன். தங்கை என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"வாளிய நகத்துனா சால்னா தரையில போயிரும் தம்பி. நீரு வேணா நகந்து நில்லும்."