மாமரத்தில் காணாமல் போன கலயம்

சித்தி போய்விட்டார் என்று அவர் மகன் செந்தில் போனில் சொன்னபோது, சிதம்பரம் மேல வீதியில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "காலையில காப்பி கேட்டாங்கக்கா. போட்டுக் கொண்டாரதுக்குள்ள போயிட்டாங்க" என்றான். எடுத்த கத்தரிக்காயைத் தட்டிலேயே போட்டுவிட்டுக் கடலூருக்குப் பஸ் ஏறினேன்.

விருத்தாம்பாள் என்ற பெயரைச் சொன்னால், கடலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் முதலில் அந்தக் குரல்தான் ஞாபகம் வரும். டிரங்க் கால் காலத்தில் பாதி ஊரின் ரகசியம் அவர் காது வழியாகப் போயிருக்கிறது. ஒன்றுகூட வெளியே வந்ததில்லை. ஒருமுறை நச்சரித்துக் கேட்டேன். "காதுக்குத்தான் சம்பளம் குடுத்தாங்க, வாய்க்கு இல்ல" என்றார். அந்த வாய் ஒருநாள் மூடியிருந்ததால் நான் பிழைத்தேன். அதை உங்களில் யாரும் அறிந்திருக்க மாட்டீர்கள், ஏனென்றால் சித்தி சொல்லியிருக்க மாட்டார்.

2006-இல் என் அப்பா சென்னையில் இறந்தார். நான் ஒரே பெண். கொள்ளி வைத்தது சித்தப்பா மகன் செந்தில். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டிருந்தார். "என்னை ராமேஸ்வரத்துக்கு நீ கொண்டுபோய்க் கரைம்மா." நானும் என் கணவர் பாஸ்கரும் அஸ்திக் கலயத்தைப் பழைய காரில் வைத்துக்கொண்டு கிளம்பினோம். வழியில் சித்தி போன் செய்தார். "மஞ்சக்குப்பத்துல நம்ம வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிடாம கடலூரத் தாண்டுனீங்க, அப்புறம் நான் ஒங்களோட பேசவே மாட்டேன்."

வாசலில் சித்தப்பா நின்றிருந்தார். அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுபோகும் வழக்கம் எங்களில் கிடையாது. "அண்ணன மாமரத்துல கட்டுங்க" என்றார். பாஸ்கர் கலயத்தைத் துணியோடு கிளையில் கட்டினார். தம்பி வீட்டு வாசலில் அப்பா வெயிலில் தொங்கிக்கொண்டிருக்க, நாங்கள் உள்ளே போய் இலையில் உட்கார்ந்தோம்.

ரசம் ஊற்றும்போது சித்தப்பா ஆரம்பித்தார். "தேவனாம்பட்டினத்துல ஐயரும் பங்காளிங்களும் காத்துக்கிட்டிருக்காங்க. செந்தில் கடல்ல கரைச்சிடுவான். நீங்க சாப்புட்டு மெட்ராஸ் திரும்பிடுங்க."

"அப்பா என்னைத்தான் கேட்டாரு, சித்தப்பா."

"சாவப் போறவன் ஆயிரம் கேப்பான். பொம்பளப் புள்ள அஸ்தியத் தூக்கிக்கிட்டு ஊரு ஊராப் போனா நாளைக்கு எம்மூஞ்சியிலதான் காறித் துப்புவாங்க."

எனக்குக் கோபம் வந்தால் முன்பின் தெரியாது. இலையை மூடிவிட்டு எழுந்தேன். பாஸ்கர் "மாமா, கொஞ்சம் பொறுமையா..." என்று இழுத்தார். சித்தப்பா பொறுமையாக இல்லை. என்னை முந்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

மாமரத்தில் கலயம் இல்லை.

"எங்கடி வச்ச?" என்று அவர் என்னைக் கேட்டார். "என் அப்பாவை என்ன பண்ணீங்க?" என்று நான் கத்தினேன். கார் டிக்கியைத் திறக்கச் சொன்னார். சீட்டுக்கு அடியில், டயருக்குப் பின்னால் என்று ஒரு இடம் விடாமல் தேடினார். நான் கிணற்றடி, மாட்டுக்கொட்டகை, வேலி ஓரமெல்லாம் பைத்தியம் மாதிரி அலைந்தேன். நாய் இழுத்துப் போட்டிருக்குமோ என்று தெருச் சாக்கடை வரை குனிந்து பார்த்தேன். கடலும் இல்லை, ராமேஸ்வரமும் இல்லை. அப்பா எங்கேயோ தெருவில் சிதறிக் கிடக்கிறார் என்று மனது அடித்துக்கொண்டது. செந்திலின் சட்டையைப் பிடித்தேன். "அம்மா மேல சத்தியமா நான் எடுக்கலக்கா" என்று அழுதுவிட்டான்.

சித்தி முந்தானையில் கையைத் துடைத்தபடி நிலைப்படியில் நின்றிருந்தார். வாயே திறக்கவில்லை. இவ்வளவு நடக்கிறது, இப்படி மரம் மாதிரி நிற்கிறாரே என்று அவர் மேலும் எனக்கு ஆத்திரம் வந்தது.

கடற்கரையில் காத்திருந்த பங்காளிகள் யாராவது அவசரப்பட்டு எடுத்துப் போயிருப்பார்கள் என்று சித்தப்பாவுக்குத் தோன்றியது. செந்திலை ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் பறந்தார். சத்தம் தெருமுனையைத் தாண்டியதும் சித்தி பாஸ்கரைப் பார்த்தார். "மாப்ள, வண்டிய எடுங்க." என்னைப் பார்த்து, "நீ உள்ள வா."

சமையலறையில், அரிசி டிரம்முக்குப் பக்கத்தில், ஒரு மணைப்பலகை மேல் அப்பா இருந்தார். முன்னால் ஒரு டம்ளர் காபி. ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது.

"நீங்க சாப்பிட ஒக்காந்தப்பவே பின்பக்கமாப் போயி எடுத்தாந்துட்டேன். ஒங்க சித்தப்பா ஒலகத்தையே பெரட்டுவாரு, வீட்டுக்குள்ள மட்டும் தேட மாட்டாரு. அஸ்தி உள்ள வருமா?" என்றார். பிறகு கலயத்தைப் பார்த்தபடி சொன்னார். "இந்த வீட்டுக்கு வந்தா ஒங்கப்பா நேரா சமையக்கட்டுக்குத்தான் வருவாரு. 'விருத்தா, காப்பி'ன்னுதான் கேப்பாரு. கடைசியா வந்திருக்காரு, அவர மரத்துல கட்டி வைக்க எனக்கு மனசு வரல."

கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு சிதம்பரம் வரை திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே போனேன். பின்னால் வந்த ஸ்கூட்டரெல்லாம் சித்தப்பாவாகத் தெரிந்தது. கீழ வீதியில் டீ குடிக்க நிறுத்தினோம். நான் காரைவிட்டு இறங்கவில்லை. போன் அடித்தது. சித்திதான். "நான்தான் எடுத்துக் குடுத்தேன்னு அவருகிட்ட சொல்லிட்டேன். இனிமே யாரும் வர மாட்டாங்க. நிம்மதியா டீயக் குடிங்க." மறுநாள் அப்பாவை நானே கரைத்தேன்.

சித்தப்பா வீடு முழுக்கக் கழுவிவிடச் சொன்னாராம். "கழுவறதுன்னா நீங்களே கழுவுங்க" என்றாராம் சித்தி. அப்புறம் அவரோடு சித்தப்பா வெகுநாள் பேசவில்லை. என்னோடு பேசவே இல்லை. சாவு வீட்டிலும் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போன வாரம், சித்தியின் அஸ்தியோடு செந்திலும் அவன் மனைவியும் ராமேஸ்வரம் கிளம்பினார்கள். வழியில் எங்கள் வீட்டு வாசலில் கார் நின்றது. இப்போது நாங்கள் இருப்பது சிதம்பரத்தில், மரம் இல்லாத வாடகை வீடு. செந்தில் கலயத்தை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கினான். "எங்கக்கா கட்டறது?" என்றான்.

"கட்டறதா? உள்ள கொண்டா."

அவன் நகரவில்லை. "அப்பாவும் வந்திருக்காருக்கா" என்று மெதுவாகச் சொன்னான்.

கார்க் கதவு திறந்தது. சித்தப்பா இறங்கினார். ரொம்பவும் மெலிந்திருந்தார். இன்று இவரோடு மல்லுக்கட்டினாலும் பரவாயில்லை, சித்தியை வாசலில் நிற்க வைக்கமாட்டேன் என்று முடிவு செய்திருந்தேன். அவர் செந்திலின் கையிலிருந்து கலயத்தைத் தானே வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"சமையக்கட்டு எந்தப் பக்கம்மா?"

சித்தியிடமிருந்து எனக்கு நகையோ புடவையோ வரவில்லை. செத்தவர்களை வாசலோடு அனுப்பாமலிருக்கும் இந்த ஒரு வழக்கம் வந்திருக்கிறது. இதை வைத்துக்கொள்கிறேன். அன்று சித்தியின் கலயத்துக்கு முன்னால் வைக்கக் காபி போட்டேன். டாக்டர் சொன்னதால் கடைசி வருடங்களில் அவருக்குச் சர்க்கரை கிடையாது. "ஜாஸ்தியாப் போடும்மா" என்றார் சித்தப்பா. போட்டேன்.