பூக்கடைத் தூணுக்குப் பின்னால்

ஆம்ப்ரோஸ் வேலையை விட்டுப் போனது 2022 அக்டோபரில், அலுவலகத்தில் ஆயுத பூஜை போட்ட அன்று. தொம்மலூரில் இருந்த அந்தச் சின்ன கேம் கம்பெனியில் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் குங்குமம் வைத்துப் பொரி கடலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்வர்ணாவின் மேசைக்கு வந்து நின்றான்.

“ஐதராபாத் போறேன்னே. மத்தவங்க நேத்து சென்னைன்னாங்க. எது நிஜம்?” என்றாள் அவள்.

“தாயே, கிளம்புற அன்னிக்குமா டெஸ்டிங்? தப்பு எங்கன்னுதான் தேடுவே. நல்லா செஞ்ச இடத்தை என்னிக்காவது பாத்திருக்கியா?”

பொரியை வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஸ்வர்ணா ஸ்ரீராம்புரத்துக்காரி. அப்பா குடிநீர் வாரியத்தில் வால்வு திறப்பவர். தண்ணீர் வராத நாளில் தெருவே வாசலில் வந்து நின்று, உங்கள் வீட்டுக்கு மட்டும் எப்படி வருகிறது என்று கேட்கும். சந்தேகத்தை வாங்கிக்கொண்டு வளர்ந்தவள், கேம் டெஸ்டர் ஆனதும் அதையே தொழிலாக்கிக்கொண்டாள். பால் பாக்கெட்டின் தேதியை இரண்டு முறை பார்ப்பாள். ஆட்டோவில் ஏறினால் மீட்டரையும் போனையும் மாறி மாறிப் பார்ப்பாள்.

ஆம்ப்ரோஸ் எழுதிய ‘மழைச்சந்தை’ கேமில் ஒரு விசித்திரமான பிழையைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். மூன்றாவது கட்டத்தில், பூக்கடைத் தூணுக்குப் பின்னால் மூன்று முறை குதித்தால் ஆட்டக்காரனைத் தரை விழுங்கிவிடும். பக் நம்பர் 214. “யாரு அங்க போய் மூணு தடவை குதிக்கப்போறா?” என்று ஆம்ப்ரோஸ் அதைச் சரிசெய்யாமலே மூடிவிட்டான். அவர்கள் இருவரைத் தவிர யாருக்கும் அது ஞாபகமில்லை.

அவளும் பிறகு வேறு கம்பெனிக்கு மாறினாள். 2024-இல் அந்த ஊர் கேம் தயாரிப்பாளர் சங்கம் அவளை விருதுக் குழுவில் சேர்த்தது. ஆண்டின் சிறந்த கேம் போட்டிக்கு வந்திருந்தவற்றில் முதலாவதாக இருந்தது ‘மழைச்சந்தை’யின் ரீமேக். ரீமேக் போட்டியிடலாம், ஆனால் முழுக்கப் புதிதாக எழுதியிருக்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. ‘ஒரு வரிகூடப் பழையதில்லை’ என்று பழைய கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. செய்தவர்கள் பட்டியலில் ஒரு பெயர்கூட அவளுக்குத் தெரியவில்லை. ஆம்ப்ரோஸின் பெயர் இல்லவே இல்லை.

“பழைய ஆளே சட்டை மாத்திட்டு வந்தா புதுசுன்னு மாலை போடுவீங்களா, சார்? நிஜமா புதுசா பண்ணவங்க வெறுங்கையோட நிக்கறாங்க” என்றாள் ஸ்வர்ணா குழுக் கூட்டத்தில்.

குழுத் தலைவர் ஸ்ரீஹர்ஷா சிரித்தார். “சட்டை மட்டும்னு உனக்கெப்படித் தெரியும்? உடம்பே புதுசா இருந்தா?”

“பாத்துடலாம்.”

அங்கேயே ஆட்டத்தைத் திறந்தாள். மழை அழகாகத்தான் பெய்தது. சாமந்திச் சரத்தில் ஒவ்வொரு துளியாக நின்று வழிந்தது. அவள் அங்கே நிற்கவில்லை. நேராகப் பூக்கடைக்குப் போனாள். தூணுக்குப் பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று. தரை விழுங்கியது.

“பாத்தீங்களா? அதே குழி! பழைய கோடிங் மேல பெயின்ட் அடிச்சிருக்காங்க. ஆம்ப்ரோஸ் பேரையும் அழிச்சுட்டாங்க.”

“எதுக்கும் அவனை ஒரு வார்த்தை கேளு.”

“நம்பர் மாத்திட்டான். கம்பெனியைக் கேட்டா இல்லன்னுதான் சொல்லுவாங்க.”

கம்பெனி அப்படித்தான் சொன்னது. ஆனால் குழி எப்படி வந்தது என்று சங்கம் கேட்டபோது அங்கே யாருக்கும் பதில் தெரியவில்லை. ஸ்வர்ணாவுக்கு அது போதும். கேமைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள். ஆம்ப்ரோஸுக்காக ஒரு நியாயம் செய்த திருப்தியில் அன்று மெட்ரோவில் உட்கார இடம் கிடைக்காததைக்கூட அவள் பொருட்படுத்தவில்லை.

பதினோரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸப் வந்தது. மோசடியாக இருக்கும் என்று முதலில் திறக்கவில்லை. மத்தியானம்தான் திறந்தாள்.

“ஸ்வர்ணா, ஆம்ப்ரோஸ். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு போட்ட ஒப்பந்தம் நேத்தோட முடிஞ்சுது. மழைச்சந்தை ரீமேக் பண்ணது நான்தான், வெளிய இருந்து. ஒன்றரை வருஷம், ஒவ்வொரு வரியும் புதுசு. பேர் போட மாட்டோம்னுட்டாங்க. விருது வந்தா போடறோம்னாங்க, என்னமோ வரல. பரவாயில்ல, உனக்காவது தெரியட்டும்னு நம்ம 214-ஐ மெனக்கெட்டு மறுபடி எழுதி வெச்சேன். குதிச்சுப் பாத்தியா?”