பிலோமினாவின் மூக்கும் என் கரி ட்ரேயும்

1. வாழைப்பழ வாசனை

பிலோமினாவும் நானும் ஒரே நாளில்தான் வேலைக்குச் சேர்ந்தோம். எண்பதுகளின் நடுப்பகுதி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷீட் கூரை போட்ட சின்னக் கம்பெனி. அறைக் காற்றைச் சுத்தம் செய்யும் ஏர் கிளீனர்களுக்கு ஃபில்டர் செய்து கொடுத்தோம். முதலாளி சம்பந்தம் சார் எங்கள் இருவரையும் ஒரு கிளீனர் பெட்டி முன்னால் நிறுத்தினார். உள்ளே போகும் பக்கம் பெயின்ட் கரைக்கிற தின்னரில் நனைத்த பஞ்சை வைத்து, ப்ளோயரை ஓடவிட்டு, வெளியே வரும் காற்றை மோந்து பார்க்கச் சொன்னார்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே சைனஸ். "ஒண்ணும் தெரியல சார்" என்றேன்.

பிலோமினா குனிந்து மோந்தாள். "லேசா வாழப்பழ வாசன வருது சார்."

"சபாஷ்! தின்னர் வாசன அதேதான். இன்னாமா மூக்கு இது!" என்றார் சார்.

அவ்வளவுதான். அவள் டெஸ்டிங் செக்‌ஷனுக்குப் போனாள். என்னைக் கரி நிரப்ப அனுப்பினார்கள்.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தூசியைப் பிடிக்க மடிப்பு மடிப்பான பேப்பர் ஃபில்டர் போதும். தின்னர், பெயின்ட், கோந்து இவற்றிலிருந்து வரும் ஆவியை அது நிறுத்தாது. காற்று போகிற வழியில் ஆவியும் போய்விடும். அதற்குத்தான் ஆக்டிவேட்டட் கார்பன். தேங்காய் ஓட்டைச் சுட்டுப் பதப்படுத்திய கரி. ஒவ்வொரு குருணைக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். அந்தத் துளைகளின் சுவரில் ஆவி போய் ஒட்டிக்கொள்ளும். இடம் இருக்கிற வரைக்கும் ஒட்டும். நிரம்பிவிட்டால் வருவதை அப்படியே வெளியே விட்டுவிடும். வெயிலில் சூடேறினால் பிடித்து வைத்ததையும் கொஞ்சம் கக்கும். கரி தீர்ந்ததா இல்லையா என்று பார்த்தால் தெரியாது. புதுசும் கறுப்பு, தீர்ந்ததும் கறுப்பு. அதைக் கண்டுபிடிக்கும் மீட்டர் வாங்க எங்கள் கம்பெனிக்கு வசதியில்லை. அதனால் பிலோமினாவின் மூக்குதான் மீட்டர்.

2. வேனின் முன் சீட்

அவள் வேனில் முன் சீட்டில் உட்கார்ந்து கஸ்டமர் இடங்களுக்குப் போவாள். நான் முகத்தில் துணி கட்டிக்கொண்டு ஃபில்டர் ட்ரேயில் கரியைக் கொட்டி, தட்டி, சமன் செய்துகொண்டிருப்பேன். மாலையில் அவள் தலையில் பூ வாடாமல் இருக்கும். எனக்கு மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். இருவருக்கும் ஆவடி வரை ஒரே ரயில். அங்கிருந்து நான் முத்தாபுதுப்பேட்டைக்கு பஸ் பிடிக்க வேண்டும்; அவள் அங்கேயே இருந்த அரசாங்க ஃபேக்டரி குவார்ட்டர்ஸுக்கு நடந்தே போய்விடுவாள். ரயிலில் அன்றைக்குப் போன கம்பெனியின் கதையைச் சொல்வாள்.

"இன்னிக்கி அவங்க எனக்கு நாற்காலி போட்டு ஜூஸ் குடுத்தாங்க கலா. மூக்கு மேடம்னுதான் கூப்பிடுறாங்க."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். வயிறு எரியும். நானும் படித்தவள்தான். அவளைவிட நன்றாகவே கணக்குப் போடுவேன். ஒரு மூக்குக்கு இத்தனை மரியாதையா? அவளுக்கு ஒரு நாளாவது சளி பிடிக்கக் கூடாதா என்று நினைத்துக்கொள்வேன். வருஷங்கள் ஓடியும் அந்த எரிச்சல் அடங்கவில்லை.

3. நசரத்பேட்டை

தொண்ணூறுகள் பிறந்த பிறகு ஒரு காலையில் போன் வந்தது. நசரத்பேட்டையில் ஷூ மேல்பாகம் தைக்கிற யூனிட். அங்கே சொல்யூஷன் என்கிற கோந்து தடவி ஒட்டுகிற அறையில் எங்கள் ஃபில்டர் போட்ட கிளீனர்தான் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பெண்கள் வாந்தி எடுத்தார்கள். ஒருத்தி மயங்கியே விழுந்துவிட்டாள். முந்தின வாரம்தான் பிலோமினா போய், கரி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

அங்கேயே ட்ரே மாற்ற வேண்டும் என்பதால் சார் என்னையும் வேனில் ஏற்றினார். பின் சீட்தான். ஆனாலும் உள்ளுக்குள் எனக்குத் திருவிழா. இன்றைக்கு இவள் மாட்டினாள்.

சூப்பர்வைசர் ரஷீத் பாய் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "இன்னா சார், நல்லா கீதுன்னு சொல்ட்டு பூட்டாங்க. பொண்ணுங்கோ ஒவ்வொண்ணா சுருண்டு உழுதுங்கோ. எதுனா ஆயிடுச்சின்னா யார் சார் பதில் சொல்றது?"

அறைக்குள் கால் வைத்ததும் சைனஸ்காரி எனக்கே சொல்யூஷன் நெடி நெற்றியில் அறைந்தது. பிலோமினா காற்று வெளியே வரும் அவுட்லெட்டில் முகத்தை வைத்து இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள். "கம்மியாதான் சார் இருக்கு" என்றாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கும் நான் புரிந்துகொண்டது தெரிந்துவிட்டது.

வெளியே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "கலா, எனக்கு ஒண்ணுமே தெரியலடி. ரெண்டு மாசமா இப்படித்தான். வீட்ல அடுப்புல பால் தீஞ்சு கரியாயிருக்கு, புகையப் பாத்து புள்ள கத்துனப்புறம்தான் தெரிஞ்சுது. வருஷக் கணக்கா கண்ட நெடியெல்லாம் மோந்ததுல நரம்பு செத்துப்போச்சாம். இனிமே வராதுங்கறாரு டாக்டரு."

"சார்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வேல போயிடும். நீ சொல்லிடுவியா?"

பாவமாக இருந்தது. அதைவிட அதிகமாக எரிச்சல் வந்தது. மூக்கே இல்லாமல் இரண்டு மாதம் மூக்கு மேடமாக முன் சீட்டில் போயிருக்கிறாள். நான் ட்ரே மாற்றப் போய்விட்டேன்.

பழைய ட்ரேயை உருவும்போது கை தாழ்ந்தது. நான் நிரப்பி அனுப்பியதைவிட நன்றாகவே கனம். ஆவி எங்கே போகும்? கரிக்குள்தானே உட்கார்ந்திருக்கிறது! கனம் ஏறிக்கொண்டே இருந்தால் கரி இன்னும் வேலை செய்கிறது; ஏறுவது நின்றால் நிரம்பிவிட்டது. மோந்து பார்க்கவே வேண்டாம். திரும்பும் வழியில் அவளிடம் இதை மட்டும் சொன்னேன்.

மறுநாள் நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் சாரின் அறைக்குள் போய்விட்டாள். "சார், எனக்கு மூக்கு போச்சு. அந்தப் பொண்ணுங்க விழுந்தது என்னாலதான். இனிமே என்னை மோந்து பாக்க அனுப்பாதீங்க. கலா வேற வழி கண்டுபிடிச்சிருக்கா, அதச் செய்ங்க."

சார் என்னைக் கூப்பிட்டு அந்த வழியைக் கேட்டார். அப்புறம் தராசை எடுத்துவரச் சொன்னார்.

4. மழைக்காலம்

சில வாரம் என் ராஜ்ஜியம்தான். வேனில் முன் சீட்டும் எனக்கு. அப்புறம் மழை பிடித்தது. எல்லா ட்ரேயும் கனத்தது. மாட்டாமல் ஸ்டோரில் கிடந்த புது ட்ரேயும் கனத்தது. கரி காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுக்கும். அது எனக்குத் தோன்றவில்லை.

"புதுக் கரியே எடை ஏறிக்கினு கீது, இத்த வச்சி இன்னாத்த கண்டுபுடிக்கிறது?" என்று எல்லார் முன்னாலும் கத்தினார் சார்.

ஓரமாக நின்ற பிலோமினா சொன்னாள்: "சார், பெட்டிக்குள்ள ஒரு ட்ரே ஓடட்டும். அதே அளவு கரி போட்ட இன்னொண்ண நெடி இல்லாத பக்கத்து ரூம்ல வைக்கலாம். அங்க ஏறுறது ஈரம் மட்டும்தான். இதுலேர்ந்து அதக் கழிச்சா மிச்சம் ஆவி."

சரியாக வந்தது. "மூக்கு பூட்டாலும் மூள கீதுபா!" என்றார் சார். அன்றிலிருந்து டெஸ்டிங் இன்சார்ஜ் அவள். நான் உதவியாளர். "மொதல்ல எடை போடச் சொன்னது கலாதான் சார்" என்று அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அவள் அப்படிச் சொன்னதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. அவளிடம் ஒரு குறையாவது இருந்தால் நிம்மதியாகப் பொறாமைப்படலாமே.

5. மத்தியானச் சாப்பாடு

ஒரு கோடை மத்தியானம். எதிரே உட்கார்ந்து அவள் சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஊசிப்போயிருந்தது. எனக்கே வாடை அடித்தது. அவள் பாதி டப்பாவைத் தாண்டிவிட்டாள். ருசியும் சரியாகத் தெரிவதில்லை அவளுக்கு.

"அத வைடி கீழ" என்று பிடுங்கிக் கொட்டிவிட்டு என் டப்பாவை அவள் பக்கம் தள்ளினேன். அவள் காலியான தன் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "எம் புள்ள தலைய மோந்தாக்கூட ஒண்ணும் வரமாட்டேங்குது கலா" என்றாள்.

அந்த முன் சீட்டுக்கு அவள் எதைக் கொடுத்தாள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுசாக உறைத்தது. அதன் பிறகு தினமும் அவள் டப்பாவை நான் முதலில் திறந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். இன்சார்ஜ் என்ற பெயரைப் பார்க்கும்போது வயிறு எரிந்ததும் நிற்கவில்லை. ரிட்டயர் ஆகும்வரை இரண்டும் சேர்ந்தே நடந்தது.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வாடை வந்த பிறகு ஃபில்டர் மாற்றுவது தாமதம். அதற்குள் யாரோ ஒருவருடைய உடம்புக்குள் அது போயிருக்கும். அதைக் கண்டுபிடிக்க மனுஷ மூக்கை அவுட்லெட்டில் வைக்காதீர்கள். ட்ரேயைக் கழற்றி எடை போடுங்கள், ஈரத்தைக் கழிக்க மறக்காதீர்கள்.