பிரதிவாதி யோகராசா, உள்ளே வரவும்

கோட்டுச் சமன்ஸ் காவித் திரிகிறவனுக்கு நாய்க்கடி ஒரு பொருட்டில்லை, புருசன்மாரின் ஓட்டந்தான் பெரிய கரைச்சல். கல்யாணம் கட்டினவர்களே, கட்டிவிட்டு அவிழ்க்கத் தெரியாமல் முழிக்கிறவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். யுத்த காலத்தில் மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரைக்கும் குடும்ப வழக்குச் சமன்ஸ் கொண்டு போனவன் நான். எழுவான்கரையில் ஆமி, படுவான்கரையில் இயக்கப் பொடியன்கள், நடுவில் தண்ணீர், தண்ணீருக்குள் முதலை. முதலைக்கு மட்டுந்தான் நான் அடையாள அட்டை காட்டவில்லை. அதில் ஒன்று என் கையிலிருந்த சமன்ஸை விழுங்கிவிட்டு, வழக்குக் கூப்பிடுகிற தவணை நாளன்று ஒழுங்காகக் கோட்டு வாசலில் வந்து படுத்திருந்தது என்றால் நம்புவீர்களா? நம்பவேண்டாம். இதில் அப்படியான சங்கதிகளும் வரும். பரமேஸ்வரி என்ற பெண்ணின் சங்கதியும் வரும். அவளுடையதில் மட்டும் நான் உப்புப் புளி சேர்க்கவில்லை.

குழி யாருடையது

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். வீடும் வளவும் பெண்ணின் பேரில் சீதனம். ஆகவே குடும்பம் பிரிந்தால் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு படலையைத் தாண்டுகிறவர் புருசன்தான். விவாகரத்தும் சொத்துப் பிரிப்பும் மாவட்ட நீதிமன்றத்தின் வேலை. பெண்சாதி பிள்ளைக்குச் சாப்பாட்டுச் செலவு கேட்கிற தாபரிப்பு வழக்கு நீதவான் நீதிமன்றத்தின் வேலை. எங்களுக்கு வாய்த்ததோ ஒரே கட்டடம், ஒரே ஐயா. முற்பகலில் பிரித்துவிடுவார், பிற்பகலில் சோறு போடச் சொல்லுவார்.

ஆரையம்பதியில் தங்கமணி என்றொருத்தி. புருசன் சின்னத்தம்பி வேறொரு வீட்டில் சாப்பிடப் பழகிவிட்டான் என்று வழக்கு வைத்தாள். பிரிக்க என்ன இருக்கிறது என்று ஐயா கேட்டார். வீடு அவளுடையது, வளவு அவளுடையது, தென்னை அவளுடைய அப்பன் வைத்தது. சின்னத்தம்பி கையைத் தூக்கி, வளவுக்குள் இருக்கிற கிணறு தான் வெட்டியது என்றான். “தண்ணி நிலத்தில ஊறுறது ஐயா, அது அவட. குழி என்ட.” குழியை எப்படிக் கொண்டுபோவீர் என்று ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். சின்னத்தம்பி இரண்டு கையையும் கட்டிக்கொண்டு சொன்னான்: “கொண்டுபோக வேணாம் ஐயா. மூடித் தந்தாப் போதும், நான் வெளிக்கிட்டிருவன்.”

பல்லைப் பிடித்த விறாந்து

கிணறு மூடப்படவில்லை, பிரிப்பும் முடியவில்லை. அதுவரைக்கும் கட்டச் சொன்ன தாபரிப்பையும் சின்னத்தம்பி கட்டவில்லை. கட்டாதவனைப் பிடித்து வரச்சொல்லி ஐயா பொலிசுக்கு விறாந்து எழுதினார். பொலிஸ் வந்தால் அவன் தோணியைத் தள்ளிக்கொண்டு படுவான்கரைக்குப் போய்விடுவான், அங்கே பொலிஸ் கால் வைக்க ஏலாது. அந்தக் கரையில் நின்று இந்தக் கரைக்குச் சாரத்தை உயர்த்திக் காட்டுவான் என்று கேள்வி. ஒருநாள் அவனுக்குக் கடைவாய்ப் பல் குத்தத் தொடங்கியது. சட்டத்துக்குப் பயப்படாதவன் பல்லுக்குப் பயந்து இக்கரை ஆஸ்பத்திரிக்கு வந்தான். பல் கழன்ற கையோடு பொலிஸ் கதிரையிலேயே வைத்துப் பிடித்தது. பல் வைத்தியரின் காலைக் கட்டிக்கொண்டு அவன் விடமாட்டேன் என்றதால் வைத்தியரையும் ஜீப்பில் ஏற்றினார்கள் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். பஞ்சு திணித்த வாயோடு கூண்டில் நின்றவனிடம் கட்டுகிறீரா என்று ஐயா கேட்டார். “ம்ம்” என்றான். சம்மதம் என்று எழுதிக்கொண்டார்.

கோட்டு வாசல் விறாந்தையில் தங்கமணிக்குத் துணைக்கு வந்த அவள் அக்கா பரமேஸ்வரி நின்றாள். எல்லாரும் சிரித்த இடத்தில் அவள் சிரிக்கவில்லை. அவளுடைய புருசன் யோகராசாவைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டும். ஒல்லி, நல்ல உயரம், சத்தம் போடாத ஆள். படுவான்கரை வட்டையில் இருவரும் சேர்ந்து வாங்கிய வயலைப் பார்த்துவிட்டுப் பாதையில் திரும்பியவர். வாவியைக் கடக்கிற மிதப்புக்கு எங்கள் ஊரில் ‘பாதை’ என்றுதான் பேர். பாதையால் இறங்கிய இடத்தில் ஆமியின் சுற்றிவளைப்பு. சனத்தோடு சனமாக நிறுத்தி, அவரை மட்டும் பழைய அரிசி ஆலையில் இருந்த முகாமுக்குக் கொண்டுபோனதை ஊரே கண்டது. முகாமில் போய்க் கேட்டால் அப்படியொருவரைத் தெரியாது. பொலிசில் போய்ச் சொன்னால் எழுதமாட்டார்கள். பரமேஸ்வரி கூண்டையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு என்னிடம் கேட்டாள்: “சமன்ஸ் அண்ணே, தாபரிப்பு வழக்கெண்டா புருசன் எங்க இருந்தாலும் பொலிஸ்தானே தேடிக் கொண்டுவந்து நிப்பாட்டோணும்?”

விலாசம்

மறுகிழமை அவளே வழக்கு வைக்க வந்தாள். மனு எழுதுகிற வக்கீலை நாங்கள் அப்புக்காத்து என்போம், நல்ல மனிசன், தலை நரைத்தது கறுத்தக் கோட்டால் என்று நான் பகிடி பண்ணுவேன். பிரதிவாதியின் விலாசம் கேட்டார். முகாமின் பேரைச் சொன்னாள். பேனை நின்றது.

“மகள், தாபரிப்பு மனுவில புருசன் உன்னைப் பராமரிக்காம விட்டிட்டார் எண்டு சத்தியம் பண்ணோணும். உன்ர புருசன் அப்படிப்பட்டவரா?”

“இல்ல ஐயா.”

“அப்ப எப்பிடி மகள் சத்தியம் பண்ணுவாய்?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். வாசலில் நின்ற எனக்கே அந்த யோசனை கேட்டது. “மாசக் கணக்கா அவர் வீட்டுக்கு ஒரு கொத்து அரிசி கொண்டுவரல்ல. அது உண்மைதானே ஐயா. ஏன் கொண்டுவரல்ல எண்டு சட்டம் கேட்டா, அவரையே கூப்பிட்டுக் கேக்கட்டும்.”

முகாம் வாசல்

அந்தச் சமன்ஸைக் கொண்டுபோகிற பாக்கியம் எனக்குத்தான். தண்ணீரில் முதலைக்குச் சிரித்தவன் அன்று வெற்றிலை போடக்கூட மறந்துவிட்டேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு, சமன்ஸ் கடதாசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு போனேன். காவலுக்கு நின்றவன் மீசை முளைக்காத பிள்ளை. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விசயத்தைச் சொன்னேன். பெண்சாதிக்குச் செலவு குடுக்காத வழக்கு என்றதும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேரென்ன என்றான். யோகராசா என்றேன். உள்ளே திரும்பி, மண்மூட்டைக்குப் பின்னால் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த மற்றவனிடம் அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டான்.

மற்றவன் கோப்பையில் இருந்து முகத்தை எடுக்காமல் சொன்னான்: “தெங் நே.”

‘நே’ என்றால் இல்லை. ‘தெங்’ என்றால் இப்போது. இதைக் கேட்டுக்கொண்டு வந்த அதிகாரி அவனை ஒரு பார்வை பார்த்தார். தேத்தண்ணி நின்றுவிட்டது. பிறகு என் பக்கம் திரும்பி, நல்ல தமிழில், மெதுவாகச் சொன்னார்: “அந்தப் பேரில் ஒருவரும் இங்கே ஒருநாளும் இருந்ததில்லை. அப்படியே போய்ச் சொல்லுங்கள்.”

சத்தியம்

சமன்ஸ் சேர்ப்பிக்கவில்லை என்றால் ஏன் என்று நான் கூண்டில் ஏறிச் சத்தியம் பண்ணிச் சொல்லவேண்டும். நீதவான் ஐயாவுக்கு என்னைத் தெரியும். “பல் வைத்தியர் ஜீப்பில் ஏறிய கதையெல்லாம் என் காதுக்கும் வந்தது. இன்றைக்கு அங்கே சொல்லப்பட்டதை மட்டும் சொல்லும்” என்றார். கடைசி வாங்குப் பலகையில் பொலிஸ் சார்ஜன் இருந்தார். முன் வாங்கில் பரமேஸ்வரி இருந்தாள். அதிகாரி சொன்னதைச் சொன்னேன். அதற்கு முதல் யாரும் ஏதும் சொன்னார்களா என்று ஐயா கேட்டார். ஓம் ஐயா, ‘தெங் நே’ என்றார்கள் என்றேன். தமிழில் என்றார். “இப்ப இல்லை, ஐயா.”

பரமேஸ்வரி எழும்பி நின்றாள். அப்புக்காத்து இருக்கச் சொல்லிச் சாடை காட்டியும் அவள் இருக்கவில்லை. “அப்ப முந்தி இருந்தவர் ஐயா” என்றாள். ஐயா, முகாமில் சொல்லப்பட்ட இரண்டு வசனத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். பிரதிவாதி கடைசியாகக் குடியிருந்த வீட்டுக் கதவில் சமன்ஸை ஒட்டும்படியும், அதற்கும் வராவிட்டால் பொலிஸ் அவரைப் பிடித்து வரும்படியும் கட்டளை போட்டார். அவர் கைக்கு எட்டிய சட்டம் அவ்வளவுதான். வெளியே சைக்கிளை எடுக்கும்போது சார்ஜன் என் தோளில் கை போட்டுச் சொன்னார்: “உங்கட தொண்டை நல்ல தொண்டை. கவனமா வச்சுக்கொள்ளுங்க.”

கதவு

இப்போது நான் முதலில் சொன்ன வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். எங்கள் ஊரில் புருசனின் வீடென்றால் பெண்சாதியின் வீடு. ஆகவே பரமேஸ்வரி போட்ட வழக்கின் சமன்ஸைப் பரமேஸ்வரியின் கதவிலேயே ஒட்டப் போனேன். இப்படியொரு கூத்து எந்தச் சட்டப் புத்தகத்திலும் இருக்காது. பகிடியாக ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் கோதுமைமாப் பசை காய்ச்சிச் சிரட்டையில் வைத்துக்கொண்டு நின்றாள். கதவைத் துடைத்துமிருந்தாள்.

என் நெஞ்சு மட்டத்தில் கடதாசியை வைத்தேன். மழைத்தூவானம் படாத இடம், நல்ல இடம். அவள் ஓரடி பின்னால் நின்று பார்த்தாள், தலையை ஆட்டினாள். “கொஞ்சம் மேல ஒட்டுங்க அண்ணே. அவர் உயரமெல்லுவா.”

வன்மம்

தவணைக்குத் தவணை பொலிஸ் ஒரே பதிலைக் கொண்டுவந்தது: தேடியும் ஆளைக் காணவில்லை. ஐயா மறுபடி விறாந்து எழுதுவார். அதற்கிடையில் கோட்டில் பேர் கூப்பிடுகிற ஆராச்சி வெளிநாட்டுக்குப் போய்விட்டார், அந்த வேலையும் என் தலையில் விழுந்தது. வழக்கு எடுக்கும்போது ஆள் உள்ளே இல்லாவிட்டால் வாசலுக்குப் போய் மூன்று தரம் கூப்பிடவேண்டும். நான் கூப்பிட்டால் அக்கரை எருமைகள் தலை தூக்கும். “பிரதிவாதி யோகராசா, உள்ளே வரவும்!” தெருவில் போகிற சனம் தலையைக் குனிந்துகொண்டு நடையைக் கூட்டும். சென்றிக் காவலில் நிற்கிற ஆமிக்காரன் திரும்பிப் பார்ப்பான்.

இப்படியே தவணைகள் போக, அப்புக்காத்து அவளை விறாந்தைக்குக் கூப்பிட்டு இருத்தினார். “மகள், அந்த வயல் ரெண்டு பேர்ர பேரிலயும் கிடக்கு. அவர் ஒப்பம் வைக்காம நீ அதை விக்கவும் ஏலாது. ரெண்டு வழிதான். செத்திட்டார் எண்டு பதிஞ்சு பத்திரம் எடுக்கலாம். அதுக்கு மனம் இல்லாட்டி, வன்மத்தோட உன்னைக் கைவிட்டிட்டுப் போயிற்றார் எண்டு சொல்லி விவாகரத்து எடுக்கலாம். எடுத்தா வயலைப் பிரிச்சு உன்ர பங்கைத் தருவாங்க. சட்டத்தில அதுக்கு இடமிருக்கு.”

“அவர் விட்டிட்டுப் போகல்ல. கொண்டுபோனாங்க. அதுக்கு இடமில்லையா ஐயா?”

“இல்ல மகள்.”

“வன்மம் எண்டீங்களே. அது அவரிட்ட இருந்ததெண்டு நான் சொல்லோணுமா?”

அப்புக்காத்து கறுத்தக் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வாவியைப் பார்த்தார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, விவாகரத்து எடுத்தா இந்தத் தாபரிப்பு வழக்கு என்னாகும்?”

“முடிஞ்சிரும் புள்ள.”

“மறுகா நீங்க கூப்பிட மாட்டீங்க?”

“முடிஞ்ச வழக்குக்குப் பேர் கூப்பிடுறல்ல புள்ள.”

அவள் எழும்பிச் சேலையை உதறினாள். வயல் வேண்டுமா என்று அப்புக்காத்து இன்னொரு தரம் கேட்டார். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “வயல் கிடக்கட்டும் ஐயா. ஊருக்குள்ள அவர்ர பேரைக் காதுக்குள்ளதான் சொல்றாங்க, தங்கச்சி கூட அப்பிடித்தான். இஞ்ச மட்டுந்தான் கவுண்மேந்து வாசல்ல நிண்டு சத்தம் போட்டு அவரைக் கூப்பிடுது. எனக்குத் தவணையைப் போட்டுத் தாங்க.”

சமன்ஸுக்கு ஒளித்த புருசன்மாரையெல்லாம் பத்தைக்குள்ளும் பல் வைத்தியர் கதிரையிலும் கண்டுபிடித்த எனக்கு, ஒளிக்காமலே கிடைக்காமல் போன பிரதிவாதி அந்த ஒருவர்தான்.