ரேடியோக்காரன் மேல் ஒரு பிராது

சொந்தத் தம்பி மேல் சாமியிடம் பிராது கொடுத்தவள் பாஞ்சாலை. அந்தக் கதையைச் சொல்வதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: தம்பி என்றால் அவளுக்கு உயிர். அதனால்தான் கோபமும் அந்த அளவுக்கு வந்தது. வேண்டாதவன் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன?

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் ஒரு யூனிட்டில் அவளுக்கு இருபத்திரண்டு வருஷமாக வேலை. அச்சிலிருந்து எடுத்த ஈரப் பிள்ளையாருக்கு இரண்டு பக்கமும் பிசிறு நிற்கும். அதை பிளேடால் சீவி, ஸ்பாஞ்சால் துடைத்து, பலகையில் அடுக்க வேண்டும். காற்று பட்டால் பொம்மை விரிசல் விட்டுவிடும் என்று ஃபேன் போட விடமாட்டார்கள். அந்தப் புழுக்கத்தில் இருக்கிற ஒரே சுகம் ரேடியோதான். பக்கத்தில் உட்காரும் சிவகாமசுந்தரி தன் செல்போனை ஜன்னலில் வைத்துக் காலையில் ஒரு தட்டு தட்டிவிட்டால் சாயங்காலம்வரை அது பாட்டுக்கு ஓடும். எல்லார் கையிலும் மண். நடுவில் யாரும் தொட முடியாது. நகைக்கடை விளம்பரம் முப்பது தடவை வந்தாலும் முப்பது தடவையும் கேட்டே தீர வேண்டும்.

பத்து மணி அடித்தால் மட்டும் பாஞ்சாலையின் பிளேடு நின்றுவிடும். “பத்து மணிப் பஞ்சாயத்து! சொல்லுங்க, தீர்த்து வைக்கிறேன். நான் உங்க நாதன்!” என்று சென்னையிலிருந்து ஒரு குரல் வரும். புருஷன் பெண்டாட்டி சண்டை, அண்ணன் தம்பி முறைப்பு என்று ஊர்ப்பட்ட தகராறும் போனில் வந்து விழும். நாதன் எல்லாரையும் சிரிக்க வைத்தே சமாதானம் பண்ணி அனுப்புவான்.

“எந்தம்பிடி” என்பாள் பாஞ்சாலை.

“தெரியும்க்கா. நேத்தும் சொன்ன” என்பாள் சிவகாமசுந்தரி. பதினோரு வருஷமாக இதே பேச்சுதான்.

நாதன் என்பது ரேடியோவுக்காக வைத்துக்கொண்ட பெயர். பெற்றவர்கள் வைத்தது கொளஞ்சிநாதன். பக்கத்தில் மணவாளநல்லூரில் இருக்கும் கொளஞ்சியப்பரை வேண்டிக்கொண்டு, பாஞ்சாலை பிறந்து பத்து வருஷம் கழித்துப் பெற்ற பிள்ளை. “கொளஞ்சிய நம்மூரு பஸ் ஸ்டாண்டுலயே எறக்கி வுட்டுட்டு நாதன் மட்டும் மெட்ராஸுக்குப் போயிட்டாரு” என்று பாஞ்சாலையின் புருஷன் வீரமுத்து கிண்டல் பண்ணுவான். முதலில் தம்பி ஆட்டோவில் மைக் கட்டி, ஜவுளிக்கடைத் தள்ளுபடியைக் கருவேப்பிலங்குறிச்சிக்கும் கம்மாபுரத்துக்கும் கத்திக்கொண்டு போனவன். அந்தக் குரலை ஒருநாள் தெருவில் நின்று கேட்டாள் பாஞ்சாலை. இவன் இங்கே கிடக்க வேண்டியவன் இல்லை என்று பட்டது. காதில் கிடந்த தோட்டைக் கழற்றி விற்று அனுப்பி வைத்தாள். அதை அவள் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை.

இப்படிப்பட்டவளுக்கு எப்படி ஐயா கோபம் வந்தது? போன ஆவணியில் அவள் மகள் கனிமொழிக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் மாலை போட்டுக் கூட்டிவந்து மணையில் உட்கார வைக்க வேண்டும். அது எத்தனை பணம் கொடுத்தாலும் வேறு ஆளை வைத்துச் செய்கிற காரியமா? “கண்டிப்பா வரேன்க்கா” என்று சொன்னவன்தான். மண்டபத்து வாசலைப் பார்த்துப் பார்த்துப் பாஞ்சாலைக்குக் கழுத்து வலி கண்டதுதான் மிச்சம். பதினோரு மணிக்குப் போனில் அவன் குரல் மட்டும் வந்தது. “அக்கா, மன்னிச்சுடு. வர முடியல. இருபதாயிரம் போட்டிருக்கேன், புள்ளைக்குச் சீர் வாங்கிடு.”

வீரமுத்துவின் தங்கை சௌந்தர்யா அந்த நேரம் பார்த்துத் தன் போனை நீட்டினாள்.

“அண்ணி, இத பாத்தீங்களா? உங்க தம்பியோட சொத்து எட்டுக் கோடின்னு போட்டிருக்குது. சொந்த வூடாம், இந்தா வெள்ளக் காரு. இந்தக் காருல ஏறினா விருத்தாசலம் வராதாமா?”

மெல்லச் சொல்லியிருக்கலாம். சௌந்தர்யாவுக்கு மெல்லப் பேச வராது. முன்வரிசை முழுக்கச் சிரித்தது. கடைசியில் ஒன்றுவிட்ட அண்ணன் நல்லமுத்துவைப் பிடித்து இழுத்து வந்து மாலை போட வைத்தார்கள். அவருக்கு மாலையை எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது என்றுகூடத் தெரியவில்லை. “மாமா வரலியாம்மா?” என்று கனிமொழி மணையிலிருந்து கேட்டாள். பாஞ்சாலையின் அப்பன் ஆத்தாள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள இருந்தது அவன் ஒருத்தன்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரே கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்விட்டாள், சிவகாமசுந்தரியையும் இழுத்துக்கொண்டு. அங்கே சாமியிடம் எழுத்திலேயே பிராது கொடுக்கலாம். போலீசில் கொடுப்பது போலத்தான். யார், எந்த ஊர், யார் மேல், என்ன குறை என்று எழுதி, கோயிலுக்கும் ஊருக்கும் எத்தனை கிலோமீட்டரோ அதற்கான காசைக் கட்டி, சாமி காலடியில் வைத்து, முனியப்பர் சன்னதி முன்னால் நிற்கும் வேலில் கட்டிவிட வேண்டும். தொண்ணூறு நாளில் தீர்ப்பு என்பார்கள். காரியம் முடிந்ததும் வந்து வாபஸ் வாங்கிவிட வேண்டும்.

பாஞ்சாலை சொல்லச் சொல்லச் சிவகாமசுந்தரி எழுதினாள்.

“எழுதுடி. அவனுக்கு அந்த வேல போவணும். கையில காசில்லாம நிக்கணும். எங்க வூட்டு வாசலுக்கு வந்து சேரணும்.”

“யக்கா, கொஞ்சம் கொறச்சிக்கலாமே?”

“கொறைக்காத. அப்பிடியே எழுது.”

எழுதி, மடித்து, கட்டியாயிற்று. வீட்டுக்கு வந்ததும் கோபம் பாதி இறங்கிவிட்டது. மறுநாள் பத்து மணிக்கு அவன் குரல் வந்ததும் மீதியும் போயிற்று. “இன்னைக்குத் தொண்ட கட்டியிருக்குதுடி அவனுக்கு, கேட்டியா?” என்று கவலைப்பட்டாள். பிராதையே மறந்துபோனாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை, பத்து மணிக்குப் பஞ்சாயத்து வரவில்லை. பாட்டு வந்தது. செவ்வாயும் பாட்டுதான். போன் போட்டால் எடுக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம், சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். இரண்டு பையை வைத்துக்கொண்டு கொளஞ்சிநாதன் நின்றுகொண்டிருந்தான்.

“வேல போயிடுச்சுக்கா. கையில காசும் இல்ல. கொஞ்ச நாள் இங்க இருந்துக்கட்டுமா?”

வேலை, காசு, வாசல். அவள் சொன்ன மூன்றும் சொன்ன வரிசையிலேயே வந்து நின்றன. “இதென்னடா கேள்வி, உள்ள வாடா” என்று பையைப் பிடுங்கினாள். அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

சாப்பிட்டு முடித்தபின் வீரமுத்துதான் கேட்டான். “மாப்ள, கேக்கறேன்னு தப்பா நெனைக்காத. அந்த எட்டுக் கோடி?”

“நானும் அதப் படிச்சேன் மாமா. படிச்சதுலேர்ந்து எங்க வெச்சோம்னு தேடிட்டுதான் இருக்கேன்.” கொஞ்சம் சிரித்தான். “சம்பளம் முப்பத்தாறாயிரம். மூணு பேரு சேந்து ஒரு ரூம்ல இருந்தோம். அந்தக் காரு, ஷோரூம் தெறப்பு விழாவுக்குப் போனப்ப பக்கத்துல நின்னு எடுத்த போட்டோ. யாரோ எழுதி விட்டுட்டாங்க. இல்லன்னு சொல்லவும் வெக்கமா இருந்துச்சு. ஊருல அக்கா பெருமையாப் பேசிக்கிட்டு இருக்கும்னு விட்டுட்டேன்.”

பாஞ்சாலை சாப்பிட்ட தட்டுகளை எடுத்து அடுக்கினாள்.

“சடங்கு அன்னிக்கு ஏன்டா வரல?” இதையும் வீரமுத்துதான் கேட்டான்.

“ஆளக் கொறைக்கப் போறாங்கன்னு பேச்சு ஓடிட்டு இருந்துச்சு மாமா. அந்த நேரத்துல லீவு கேட்டா மொத பேரு நம்ம பேருதான்னு பயந்துகிட்டு இருந்துட்டேன். அப்பவும் தூக்கிட்டாங்க. மெஷினே பாட்டு போட்டுக்குமாம்.”

அதோடு அவன் பேச்சு நின்றது. ஊர் வாயையெல்லாம் அடைத்து அனுப்பியவன், கேட்டதற்கு ‘ம்’ என்றும் ‘வேணாம்’ என்றும் சொல்லிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தான். “மாமா, எனக்கும் அம்மாவுக்கும் சண்ட, பஞ்சாயத்து பண்ணு” என்று கனிமொழி வேண்டுமென்றே வந்து நிற்பாள். அவள் தலையைத் தடவிக்கொடுப்பதோடு சரி. பாண்டிச்சேரியில் ஒரு இடத்தில் வேலை இருக்கிறது என்று போய் வந்தான். சொல்லி அனுப்புகிறோம் என்றவர்கள் சொல்லி அனுப்பவில்லை.

எப்படி அனுப்புவார்கள்? பிராது வேலில் தொங்குகிறதே! அது அங்கே இருக்கும்வரை அவனுக்கு ஒரு வாசலும் திறக்காது என்று பாஞ்சாலை நம்பினாள். நீங்களும் நானும் ஆயிரம் சொல்லலாம், அவளுக்கு அதில் சந்தேகமே கிடையாது. வாபஸ் வாங்க வேண்டும். ஆனால் அவன் காதுக்குப் போய்விட்டால்? என் வாயில் மண்ணைப் போட்டவள் வீட்டில் சோறு தின்னமாட்டேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். போனால் திரும்புவானா?

“அவருக்குத் தெரியாம போயி எடுத்துடுக்கா” என்றாள் சிவகாமசுந்தரி.

அப்படித்தான் நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைக்குக் குளித்துவிட்டுக் கிளம்பினால், “கோயிலுக்கா? நானும் வரேன்க்கா. எனக்குப் பேரு வெச்ச சாமியப் பாத்து எத்தினி வருசம் ஆவுது” என்று வீரமுத்துவின் வண்டிச் சாவியை எடுத்துவிட்டான். ஒரு மாசமாக எதற்கும் எழுந்திருக்காதவன் எழுந்திருக்கிறான். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

கோயிலில், “நீ போயி தேங்கா பழம் வாங்கிட்டு வாடா” என்று அவனை விரட்டிவிட்டு, பிராது எழுதிக்கொடுக்கும் பாலகிருஷ்ணன் முன்னால் போய் உட்கார்ந்தாள். அவளுக்குத் தன் பேர் எழுதத் தெரியும், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான்.

“வாபஸ்ஸா? காரியம் ஆயிடுச்சாம்மா?”

“ஆவக்கூடாதது ஆயிடுச்சுங்க. சீக்கிரம் எழுதுங்க.”

“எதிரி பேரு?”

பாஞ்சாலை திரும்பிப் பார்த்தாள். தேங்காய்த் தட்டோடு தம்பி பின்னால் நின்றுகொண்டிருந்தான். கடையில் கூட்டமே இல்லை போலிருக்கிறது.

“எதிரி பேரு என்னம்மா?”

வேறு ஒரு பேரைச் சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் பொய்ப் பேருக்கு வாபஸ் எழுதினால், நிஜப் பேருக்குக் கட்டியது அப்படியேதானே கிடக்கும்? அவன் போனாலும் போகட்டும், பிழைக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

“கொளஞ்சிநாதன். காத்தவராயன் மவன்.”

“ஆளு எந்த ஊரு?”

“இந்தா, பின்னால நிக்கறான். எந்தம்பி.”

பாலகிருஷ்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் எதிரி தேங்காய் பழம் ஏந்திக்கொண்டு கூடவே வந்து அவர் பார்த்ததில்லை.

பாஞ்சாலை தம்பி முகத்தைப் பார்க்காமலே கொட்டித் தீர்த்தாள். மண்டபம், சௌந்தர்யாவின் போன், நல்லமுத்து போட்ட மாலை, கனிமொழி கேட்டது, எழுதச் சொன்ன மூன்று வரி, ஒன்று விடவில்லை. “நாந்தான்டா உன் வேலைய கெடுத்தேன். பாவி, நாந்தான். அடிக்கணும்னா அடி. வாபஸ் வாங்கற வரைக்கும் மட்டும் போயிடாத.”

கொளஞ்சிநாதன் தட்டைக் கீழே வைத்தான். கோபம் வருகிறது என்றுதான் அவள் நினைத்தாள். அவன் அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, “பேனாவக் குடுங்க, நானே எழுதறேன்” என்றான். எழுதி முடித்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தான். ஒரு மாசத்துக்குப் பிறகு அந்தப் பத்து மணிக் குரல்.

“கொளஞ்சியப்பர் அவர்களுக்கு, எதிரி கொளஞ்சிநாதன் எழுதிக்கொள்வது. என் அக்காள் பாஞ்சாலை கொடுத்த பிராது நியாயமானது. வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் வரவில்லை. அவள் கேட்டது மூன்று. வேலை போக வேண்டும் என்றதையும், காசில்லாமல் நிற்க வேண்டும் என்றதையும் நாங்கள் வாபஸ் வாங்கிக்கொள்கிறோம். அவள் வாசலுக்கு நான் வந்து சேர வேண்டும் என்று கேட்டாளே, அது மட்டும் அப்படியே இருக்கட்டும்.”

தேங்காய் உடைக்க வந்தவர்களில் இரண்டு பேர், எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று திரும்பிப் பார்த்தார்கள். பாஞ்சாலை விம்மி விம்மி அழுதாள்.

பாலகிருஷ்ணன் மட்டும் தலையை ஆட்டினார். “நல்லாத்தான் இருக்குது தம்பி. ஆனா பாதி வாபஸ்லாம் கெடையாதுங்க. எடுத்தா மொத்தமா எடுக்கணும், இல்லன்னா மொத்தமும் அப்பிடியே கெடக்கும்.”

ஊர்ப் பஞ்சாயத்தெல்லாம் தீர்த்தவனுக்கு இதற்கு வழி தெரியவில்லை.

பாஞ்சாலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“மொத்தத்தையும் எடுத்துடுங்க. அவன் வந்தா வரட்டும், வராட்டிப் போவட்டும். எங்கயாவது நல்லா இருந்தாப் போதும்” என்று சொல்லிவிட்டு, தம்பி கையிலிருந்த பேனாவை வாங்கி, பாலகிருஷ்ணன் நீட்டிய வாபஸ் காகிதத்தில் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள்.