காய் இல்லாத ஏலச்செடி

எழுபதுகளின் கடைசியில், போடியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் தை மாதந்தோறும் ஓவியக் கண்காட்சி நடக்கும். தேனி, சின்னமனூர்ப் பக்கத்திலிருந்தெல்லாம் படம் கொண்டுவந்து மாட்டுவார்கள். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் வரைந்தவர் பெயர் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கும். நானும் வருடம் தவறாமல் ஒரு வாட்டர்கலர் படம் வைத்தேன். எப்போதும் மலைதான்.

ஒரு வருடம் என் படத்துக்குப் பக்கத்தில் குரங்கணியிலிருந்து வந்த ஒரு டீச்சரின் படம் இருந்தது. போடிமெட்டு மலைப்பாதை வளைவில் உட்கார்ந்து, கீழே பார்த்து வரைந்தது. வயல், தென்னந்தோப்பு, ரயில் பாதை, அது முடிகிற இடத்தில் கைக்குட்டை அளவுக்குப் போடி. அதில் எங்கள் வீட்டைத் தேடினேன். ஒரே ஒரு பழுப்புத் தீற்றலுக்குள் எங்கள் தெரு முழுவதும் அடங்கியிருந்தது. பிறகு என் படத்தைப் பார்த்தேன். துணி காயப்போட மொட்டைமாடிக்கு ஏறும்போது தெரிகிற மலை. அதற்கு முந்தைய வருடங்களில் வைத்ததும் அதுதான்.

இத்தனைக்கும் எங்களுக்கு மலையில் ஏலத்தோட்டம் இருந்தது. கூலிக்குப் போகிற பெண்கள் காலையில் எங்கள் தெருமுனையில்தான் ஜீப் ஏறுவார்கள். வீட்டுப் பெண்கள் போகிற வழக்கமில்லை. உலர்ந்த காயை முறத்தில் கொட்டித் தரம் பிரித்திருக்கிறேனே தவிர, செடியில் காய் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

எப்படிப் போனீர்கள் என்று டீச்சரிடம் கேட்டேன். லோடு ஜீப்பில்தான் என்றார்; சனிக்கிழமை நீங்களும் வாருங்களேன் என்றார். வீட்டில் கேட்டதற்கு மாமியார்தான் பதில் சொன்னார்.

"நம்ம வீட்டுப் பொம்பள ஜீப்புல தொத்திக்கிட்டுப் போனா ஊருக்குள்ள என்ன பேசுவாக?"

எங்கள் தோட்டத்தையாவது ஒருமுறை பார்த்து வரைய வேண்டும் என்று கணவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஆடியில் கேட்டால் மழை, அட்டை கடிக்கும் என்பார். ஐப்பசியில் கேட்டால் காய் எடுப்பு நடக்கிறது, ஆள் நடமாட்டம் என்பார். கார்த்திகையில் ஒருவழியாகக் கார் வந்தது. மாமியாரும் கூட வந்தார். வளைவுகளில் அவர் வாந்தி எடுத்தபோது தலையைப் பிடித்துக்கொண்டே போனதில் வழியில் நான் எதையும் பார்க்கவில்லை.

தோட்டத்து வீட்டில் ஜன்னலோரம் நாற்காலி போடச் சொன்னார் கணவர். "வேலையாளுகல்லாம் நிக்கிறாங்க. இங்கருந்தே பாரு, நல்லாத் தெரியும்."

ஜன்னலில் இரும்புக் கம்பி. அதற்கு அப்பால் ஆளை மறைக்கும் இலைகள், நடுவே குனிந்த முதுகுகள். அவர்கள் எதைப் பறிக்கிறார்கள் என்பது மட்டும் தெரியவில்லை. தெரிந்ததை வரைந்தேன். மஞ்சு இறங்குகிறது, பனிமூட்டத்தில் பாதை தெரியாது என்று சீக்கிரமே கிளம்பிவிட்டோம்.

கண்காட்சிக்குக் கொடுக்கும் முன் கணவர் படத்தைப் பார்த்தார்.

"கம்பிய எதுக்கு வரஞ்ச? உன்னைய உள்ள வச்சுப் பூட்டுன மாதிரில்ல இருக்கு."

"அது வழியாத்தானே பாத்தேன்" என்றேன்.

சொந்தபந்தமெல்லாம் பார்க்க வருவார்கள், ஒன்று கம்பியை அழி, இல்லையென்றால் பெயர் போடாதே என்று சொல்லிவிட்டார். பெயரை விட்டேன். அந்த வருடம் படங்களை மாட்டுகிற பொறுப்பு டீச்சருக்கு; காரணம் கேட்காமல் வாங்கிக்கொண்டார். வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து மாட்டினார்.

கண்காட்சி அன்று, வேடிக்கை பார்க்க வந்தவளைப் போல என் படத்தின் முன் நின்றேன். தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் இரண்டு பேர் பொங்கல் சேலையில் வந்தார்கள்.

"ஏடி, இது ஏலந்தான். எலயெல்லாம் சரியாருக்கு, காயத்தான் காணோம்."

"சன்னலுக்குள்ள ஒக்காந்துக்கிட்டு வரஞ்சா எங்குட்டுத் தெரியும்? காயி செடிக்கு அடியில தூருலல்ல கெடக்கும்." அவள் என் பக்கம் திரும்பினாள். "வரஞ்சது யாரு, அக்கா? பேரக் காணோம்."

சற்றுத் தள்ளிக் கணவர் தன் மாமாவோடு பேசிக்கொண்டிருந்தார். தெரியவில்லை என்றேன். பிறகு, காய் தூரில் எப்படி இருக்கும் என்று மெதுவாகக் கேட்டேன்.

அவள் அங்கேயே குந்திவிட்டாள். "செடி இந்தாருக்குன்னு வைங்க. காய்ச்சரம் இப்பிடித் தரையோட ஓடும்" என்று சிமெண்டுத் தரையில் விரலை ஓட்டினாள். நானும் சேலையை ஒதுக்கிக்கொண்டு எதிரே குந்தினேன்.

"காயி ஒவ்வொண்ணும்..." என்று அவள் தொடங்கும்போது, "என்ன அங்க சோலி? வெரசா வா, கார் நிக்குது" என்று கணவரின் குரல் கேட்டது. அவள் விரல் எந்த இடத்தில் நின்றது என்று பார்த்துக்கொண்டு எழுந்தேன்.